மேட்டுக்கு விலை பேசுகிறார்கள். ஊருக்கு என்ன பதில்?

(ஆண்டர்சன்பேட்டையில் நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வேலை முடிந்து வந்த களைப்போடு இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளை விடியுமுன் எழுந்து ரயிலுக்கு ஓட வேண்டியவர்கள் பாதிப்பேர். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம் ஊருக்கு அபிவிருத்தி வரப்போகிறது என்கிறார்கள். சயனைடு மேடுகளைத் தோண்டி மீதமுள்ள தங்கத்தை எடுக்கப் போகிறார்கள். சுரங்கக் கம்பெனியின் காலி நிலத்தில் தொழிற்பேட்டை அமைக்கப் போகிறார்கள். பெங்களூர் – சென்னை விரைவுச் சாலை நம் பக்கத்தில் வந்துவிட்டது, இனி தொழிற்சாலைகள் தாமாகத் தேடி வரும் என்கிறார்கள். நல்லது, வரட்டும். வேலை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இந்த ஊரில் யாரும் கொழுத்துப் போய்விடவில்லை. ஆனால் இந்தத் திட்டங்களுக்கு ஊரின் சார்பில் பதில் சொல்ல வேண்டியது யார்? நகரசபை. நகரசபை என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டியது யார்? நாம். இன்று பேச வந்தது இவ்வளவுதான்.

நாங்கள் ரயில்வேயில் சீட்டு எழுதுகிறவர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஊர் நிலவரம் வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். மாதம் பிறந்தால் சீசன் டிக்கெட் வாங்க வரிசை நிற்கிறது. யார் நிற்கிறார்கள்? கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள். கம்பெனி வாசலில் காவலுக்குப் போகும் அண்ணன்மார். துப்புரவு வேலை, ஓட்டல் வேலை, பெயிண்டிங் வேலை. பட்டப் படிப்பு முடித்த பிள்ளையும் அதே வரிசையில்தான். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போய்வர நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் தண்டவாளத்தில் கழிகிறது. பிள்ளை எழுவதற்கு முன் தாய் புறப்படுகிறாள், பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா முகம் பார்க்கும் குழந்தைகள் இந்த ஊரில் எத்தனை என்று எந்த இலாகாவும் கணக்கெடுத்ததில்லை.

நம் பாட்டன்மார் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கே பிழைக்க வந்தார்கள். அவர்கள் வந்தது சுரங்கத்துக்கு. இன்று நாம் இங்கிருந்து தினமும் பெங்களூருக்குப் பிழைக்கப் போகிறோம். குடி மாறாமலே குடிபெயர்ந்தவர்கள் ஆகிவிட்டோம், தோழர்களே.

இந்த நிலை எப்படி வந்தது? கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியது. 1894இல் பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தது. சுரங்கத்துக்காகத்தான் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்தது. அதுவும் சுரங்கத்துக்காகத்தான். பாதாளத்தில் மின்சாரம் ஓடியபோது நம் பாட்டிகள் தட்டி வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் கஞ்சி காய்ச்சினார்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இங்கே உழைத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போயிற்று. மொத்தம் எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போனது.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று கம்பெனி ஆயிற்று. 1992இல் நலிந்த தொழில் என்று பி.ஐ.எஃப்.ஆர். கையில் போனது. 2001 பிப்ரவரி கடைசியில் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அன்றோடு வேலை போயிற்று. அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2006இல் டெல்லியில் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது: உலக டெண்டர் விடலாம் என்று. 2013இல் சுப்ரீம் கோர்ட் அதற்கு வழி விட்டது. 2024 ஜூன் மாதம் பெங்களூரில் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது: 13 சயனைடு மேடுகள், ஆயிரம் ஏக்கர் சொச்சம் நிலம், அதில் மத்திய அரசு மேல்மட்டச் சுரங்க வேலை நடத்தச் சம்மதம் என்று.

இந்தத் தேதிகளை வரிசையாகப் படித்தோமே, ஒன்றைக் கவனித்தீர்களா? லண்டனில் முடிவு செய்தார்கள், மைசூரில் முடிவு செய்தார்கள், டெல்லியில், பெங்களூரில் முடிவு செய்தார்கள். ராபர்ட்சன்பேட்டையில், ஆண்டர்சன்பேட்டையில் ஒரு முடிவும் செய்யப்படவில்லை. நமக்கு வந்ததெல்லாம் செய்திதான்.

ஆனால் ஒரு தடவை நிலைமை வேறாக இருந்தது. அதை மறந்துவிடக்கூடாது. 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நடந்தபோது, அணுக்கழிவை ஆழத்தில் புதைப்பதற்கு இடமாகக் கோலார் தங்கவயலின் பெயர் அடிபட்டது. அன்று இந்த ஊர் எப்படி எழுந்தது என்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தமிழன், கன்னடியன், தெலுங்கன் என்று பார்க்கவில்லை. கொடிக்குக் கொடி நிறம் பார்க்கவில்லை. எல்லோரும் வேண்டாம் என்றார்கள். சில நாட்களுக்குள் அப்படி ஒரு திட்டம் இல்லை என்று அரசு சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே குரலில் பேசினால் டெல்லிக்கும் காது கேட்கும்!

ஆனால் அன்று வேலை சுலபம். விஷம் வேண்டாம் என்று சொல்வதற்கு நகரசபைத் தீர்மானம்கூட வேண்டியதில்லை. இன்று வந்திருப்பது அப்படியல்ல. இன்று "வேலை தருகிறோம்" என்று வருகிறார்கள். வேண்டாம் என்றால் நம் பிள்ளைகளுக்கே துரோகம். கண்ணை மூடிக்கொண்டு சரி என்றால் பழைய கதைதான். ஆகவே நமது பதில் ஒரே சொல்லாக இருக்க முடியாது. "வாருங்கள், ஆனால் இந்த நிபந்தனைகளோடு வாருங்கள்" என்று இருக்க வேண்டும். அந்த நிபந்தனைகளை நகரசபை எழுத்தில் சொல்ல வேண்டும்.

"நகரசபைக்கு இதில் என்ன வேலை? குப்பை அள்ளட்டும், குழாயில் தண்ணீர் விடட்டும்" என்று சிலர் கேட்கலாம். அரசியல் சட்டத்தில் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் அமலில் இருக்கிறது. அதில் பன்னிரண்டாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. நகராட்சிகளுக்கு உரிய 18 பொறுப்புகள் அதில் இருக்கின்றன. மூன்றாவது பொறுப்பு என்ன தெரியுமா? பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதல். சாலை நான்காவது, குடிநீர் ஐந்தாவது, குப்பை ஆறாவது. திட்டமிடுதல் அவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்கிறது. உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்தப் பொறுப்புகளை மாநில அரசு சட்டம் செய்து ஒப்படைக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது, ஒப்படைத்தே தீரவேண்டும் என்று இல்லை. ஆனால் கேட்பதற்கு நமக்கு வாய் இருக்கிறது. அதே திருத்தத்தில் மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு பேர் பஞ்சாயத்து, நகராட்சி உறுப்பினர்களால் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அங்கே நம் ஊர்க் குரல் ஒலிக்கிறதா என்று நம் வார்டு உறுப்பினரைக் கேட்டிருக்கிறோமா? வீட்டு வரி ரசீது கேட்கப் போகிறோம், தெருவிளக்கு எரியவில்லை என்று போகிறோம். இதைக் கேட்கப் போனதில்லை.

இனி நிபந்தனைகளுக்கு வருவோம்.

முதலாவது, வேலை. சயனைடு மேட்டில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதை எண்ணிக்கையோடு சொல்லச் சொல்ல வேண்டும். யோசித்துப் பாருங்கள். அது ஏற்கெனவே உடைத்து, அரைத்து, மேலே கொட்டி வைத்த மண். யாரும் சாப்ட்டில் இறங்க வேண்டியதில்லை, பாறைக்கு வெடி வைக்க வேண்டியதில்லை. எந்திரம் அள்ளும், லாரி சுமக்கும், ஆலை சலிக்கும். பாட்டன் காலத்து முப்பதாயிரம் வேலை திரும்பி வரும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். வருகிற வேலை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் காண்ட்ராக்டர் வெளியிலிருந்து கூட்டிவரும் ஆட்களுக்குப் போனால் நமக்கு மிச்சம் என்ன? புழுதிதான்! ஆகவே எத்தனை வேலை, என்ன வேலை, நிரந்தரமா காண்ட்ராக்டா, அதற்கு என்ன படிப்பு வேண்டும் என்பதைத் திட்டம் தொடங்குமுன் சொல்லட்டும். ஐ.டி.ஐ.யில் அதற்கேற்ற பயிற்சி ஓராண்டு முன்னதாகவே இங்கே ஆரம்பிக்கட்டும்.

இதில் ஒரு கசப்பான விஷயமும் இருக்கிறது. உள்ளூர்க்காரன் என்றால் யார்? 1980களில் சரோஜினி மகிஷி குழு ஒரு விளக்கம் கொடுத்தது. பதினைந்து ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஏற்று, தொழிலதிபர்கள் கூச்சலிட்டதும் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்த மசோதாவிலும் அதே மாதிரிதான் இருந்தது. நிர்வாக வேலையில் 50 சதவீதம், மற்ற வேலையில் 70 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு. பள்ளிச் சான்றிதழில் கன்னடம் ஒரு பாடமாக இருக்க வேண்டும், இல்லையானால் கன்னடத் தேர்வு எழுதித் தேற வேண்டும். அந்த மசோதா நின்றிருக்கலாம். எண்ணம் நிற்கவில்லை. நாளை வேறு பெயரில் வரும்.

நான்கு தலைமுறையாக இங்கே பிறந்து, இங்கேயே புதைந்தவர்களின் பிள்ளைகள் நாம். பதினைந்து ஆண்டு என்ன, நூறு ஆண்டு கணக்குக் காட்டுவோம். ஆனால் கன்னடம் எழுதத் தெரியாது என்று ஒரு பிள்ளை திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பழியில் நமக்கும் பங்கு உண்டு. தமிழை விடாதீர்கள். கன்னடத்தையும் விடாதீர்கள். வீட்டில் தாய்மொழி வாழட்டும், கையில் கன்னடச் சான்றிதழும் இருக்கட்டும். தட்டி வீட்டில் இருந்துகொண்டே பத்திரிகை நடத்திய ஊர் இது. ஜி. அப்பாதுரையார் 1926இல் 'தமிழன்' இதழை மீண்டும் கொண்டுவந்தது இந்தத் தங்கவயலில்தான். அந்த ஊரின் பிள்ளைகளுக்கு இன்னொரு எழுத்து கற்பது பெரிய காரியமல்ல. நமது சங்கம் மாலை நேரக் கன்னட வகுப்பு தொடங்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே வேண்டுகோள் வைக்கிறோம். அதே சமயம் நகரசபை கேட்க வேண்டியது: உள்ளூர் என்றால் முதலில் இந்தத் தாலுகா, சுரங்கத் தொழிலாளியின் குடும்பம் அதில் முதல் வரிசை.

இரண்டாவது, புழுதியும் தண்ணீரும். ஆடிக் காற்று அடித்தால் மேட்டுப் புழுதி சோற்றுத் தட்டில் விழுவது நமக்குப் புதிதல்ல. மேட்டைக் கிளறினால் என்ன ஆகும்? கல் தூசி தின்று நுரையீரல் கெட்டு இருமி இருமிச் செத்த அப்பன்மாரை நாம் பார்த்திருக்கிறோம். சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பொது விசாரணை வேண்டிய திட்டமானால், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அதற்கு முப்பது நாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் மக்கள் மொழியில் இருக்க வேண்டும். அங்கே நாம் சொல்வது எழுத்தில் பதிவாக வேண்டும். மொழிச் சிறுபான்மையினர் 15 முதல் 20 சதவீதம் இருக்கும் இடங்களில் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது 1961 முதலமைச்சர்கள் மாநாட்டு ஏற்பாடு. ஆகையால் நோட்டீஸ் கன்னடத்திலும் வரட்டும், தமிழிலும் வரட்டும், தெலுங்கிலும் உருதுவிலும் வரட்டும்.

மூன்றாவது, வீடு. லைன் வீட்டில் இருக்கும் பழைய தொழிலாளி குடும்பங்களுக்கு அந்த வீடு சொந்தம் என்று பத்திரம் கையில் வந்த பிறகே பக்கத்து நிலத்தை அளக்க வேண்டும். கம்பெனி நிலம் சுமார் 12,000 ஏக்கர் என்பார்கள். அத்தனை பெரிய இடத்தில் நாம் படுத்திருக்கும் ஓர் அறையையா குறிவைக்க வேண்டும்?

நான்காவது, வரி. இதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். தொழிற்பேட்டை என்பது ஒன்று, தொழில் நகரியம் என்பது வேறொன்று. அரசியல் சட்டத்தில் 243க்யூ பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு பகுதியைத் தொழில் நகரியம் என்று கவர்னர் அறிவித்தால் அங்கே நகராட்சி இல்லாமலே நடத்தலாம். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தனி நகரிய ஆணையம் 2013இல் வந்தது. அப்படி இங்கும் வந்தால் என்ன ஆகும்? நிலம் நம் ஊரில், புகை நம் ஊரில், லாரி ஓடி உடைவது நம் சாலை. வரி மட்டும் வேறு பெட்டியில் விழும், அங்கே நமக்கு ஓட்டும் இருக்காது. அந்த வார்த்தை கோப்பில் எங்காவது இருக்கிறதா என்று நகரசபை பார்க்க வேண்டும். இருந்தால் ஆட்சேபணை எழுத வேண்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டக் கனிம நிதிக்கு, ஏலத்தில் போன சுரங்கக் குத்தகைக்கு ராயல்டியில் 10 சதவீதம் கட்ட வேண்டும். அதற்கு முன் கொடுத்த குத்தகைகளுக்கு 30 சதவீதம் வரை. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்கென்றே அந்த நிதி. மேட்டு வேலை அதில் சேருமா, சேர்ந்தால் நம் வார்டுகளுக்கு எவ்வளவு என்று இப்போதே கேட்க வேண்டும்.

ஐந்தாவது, ரயில். தொழிற்பேட்டை வந்தாலும் மறுநாளே எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடாது. இன்னும் பல காலம் பெங்களூர் போய்த்தான் ஆக வேண்டும். விரைவுச் சாலை கார் வைத்திருப்பவனுக்கு. நமக்கு ரயில்தான். நேரத்துக்கு வண்டி, உட்கார இடம், பெண்களுக்குப் போதுமான பெட்டி, நிலையத்தில் வெளிச்சம் என்று வளர்ச்சித் திட்டத்திலேயே எழுத வேண்டும். மாரிகுப்பத்திலிருந்து குப்பத்துக்குப் புதிய பாதை முழுமையடைந்தால் நம் ஊர் முட்டுச் சந்தாக இருக்காது. அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதைச் சொன்னால் இரண்டு பேச்சு வரும். ஒன்று, "இவ்வளவு நிபந்தனை போட்டால் முதலாளி ஓடிப்போவான்." தோழர்களே, தங்கம் இருக்கும் மேடு ஓடிப்போகாது, அதை எடுக்க வருபவனும் ஓடமாட்டான். தொழிற்பேட்டைக்கு வருபவன் வேறு ஊர் தேடலாம், வாஸ்தவம். ஆகவேதான் நம் நிபந்தனைகளில் செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. பயிற்சி பெற்ற ஆள், சுத்தமான தண்ணீர், தகராறில்லாத நிலம், ஓடுகிற ரயில் என்பது முதலாளிக்கும் வேண்டியதுதானே?

இரண்டாவது பேச்சு: "நாம் தமிழர்கள், பேசாமல் இருப்பதே நல்லது, வெளியூர்க்காரன் என்பார்கள்." இந்தப் பயத்தை விட்டுத் தள்ளுங்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத்தையே நிறுத்தியவர்கள் பயந்திருந்தால்? 1946 நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஆறு தொழிலாளர்கள் பயந்திருந்தால்? இது மொழிச் சண்டை அல்ல. புழுதிக்கு மொழி தெரியாது. பக்கத்து வீட்டுக் கன்னட அண்ணனும், தெலுங்கு அக்காவும், தெருமுனையில் கடை வைத்திருக்கும் பாய் குடும்பமும் நம்மோடு கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் வீட்டுக் கதவை நாம் போய்த் தட்ட வேண்டும்.

எங்கள் தவறு ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். முன்பொரு சமயம் நூற்றுக்கணக்கான கையெழுத்தோடு ஒரு மனு கொண்டுபோய் ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். மாலை போட்டுப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டோம். நகலில் முத்திரை வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் போனால், அப்படி ஒரு மனு வரவே இல்லை என்றார்கள். நாள் முழுவதும் ரசீது எழுதும் நாங்களே ரசீது வாங்க மறந்தோம்! அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் சொல்கிறோம், கோஷத்தைவிட நகல் முக்கியம்.

செய்ய வேண்டியது இது. 35 வார்டுகளிலும் வீட்டுக்கு ஒரு தாள். வீட்டில் எத்தனை பேர், யார் என்ன படித்திருக்கிறார், என்ன கைத்தொழில் தெரியும், யார் வெளியூர் வேலைக்குப் போகிறார், யாருக்கு மார்பு நோய், வீட்டுக்குப் பத்திரம் உண்டா என்று எழுத வேண்டும். படித்த பிள்ளைகள் இந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருக்கும் பெண்களிடம் ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்வது இல்லாமல் இந்தக் கணக்கு கணக்கே அல்ல. அந்தத் தாள்களைத் தொகுத்து, ஐந்து நிபந்தனைகளோடு சேர்த்து நகரசபையில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். கூட்டத்தில் பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றக் கேட்க வேண்டும். உறுப்பினர்கள் இருக்கும் காலமானாலும் சரி, தேர்தல் தள்ளிப்போய் அதிகாரி கையில் நிர்வாகம் இருக்கும் காலமானாலும் சரி, கேட்பதை நிறுத்தக்கூடாது. பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்திருக்கிறது. பத்து ரூபாய் கட்டினால் முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

தோழர்களே! சீட்டு வாங்காமல் வண்டி ஏறினால் பாதி வழியில் இறக்கிவிடுவார்கள். இந்த அபிவிருத்தி வண்டியிலும் அப்படித்தான். நிலையம் நம்முடையது, நிலம் நம்முடையது என்று பேசிக்கொண்டிருந்தால் போதாது. நம் பெயர் எழுதிய சீட்டு கையில் இருக்க வேண்டும். நகரசபைத் தீர்மானம்தான் அந்தச் சீட்டு.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இதே இடத்தில் தாள் கொடுக்கப்படும். வார்டுக்கு நான்கு பேராவது வந்து வாங்கிப் போங்கள். அவர்களில் இருவர் பெண்களாக இருக்க வேண்டும்.